கயிறா, காத்திருப்பா?

எறிந்த பொம்மையை எடுத்து வர லேப்ரடாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது ரத்தத்திலேயே ஊறியது. "எடு" என்கிற வரை பாயாமல் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. மதுரை வண்டியூர்க் கண்மாய்க் கரையில், வெயில் ஏறுமுன், இரண்டு வழியையும் பார்த்தாயிற்று. (சுட்ட பறவையை எடுத்து வரும் இனம்தான், ஆனால் 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, பறவை வேட்டை கிடையாது. கேன்வாஸ் பொம்மை போதும்.)

கழுத்துப்பட்டையில் நீளக் கயிறு கட்டினால் பலன் அன்றைக்கே தெரியும். ஆனால் நாய் கற்பது பொறுமையை அல்ல, கயிறு இருக்கிறதா என்பதை. எங்கள் நாய், கயிற்றை அவிழ்த்த மறுநிமிடமே தண்ணீரில் குதித்தான். ஓட்டத்தில் வெடுக்கென்று இழுபட்டால் கழுத்துக்கும் கேடு.

மற்றது, நாயை உட்கார வைத்து, எறிந்துவிட்டு நாமே நடந்துபோய் எடுத்து வருவது. பத்து எறிதலில் ஆறேழு நமக்கு, மிச்சம் அதற்கு. எழுந்தால் பொம்மை கிடைக்காது, அவ்வளவுதான் தண்டனை. முதலில் காலடியில் உருட்டல், பிறகு உயர எறிதல், கடைசியில் தண்ணீரில் 'தொப்'. வாரக்கணக்கில் ஆகும், நம் முழங்கால்தான் பாவம்.

என் ஓட்டு இதற்கே. குட்டியென்றால், மார்புப்பட்டையில் கயிறு சும்மா தரையில் கிடக்கட்டும், காவலுக்கு. சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள் சிரிப்பார்கள். கண்டதும் துரத்தவே பிறந்த இனம், அதன் கணக்கு வேறு.