மழைக்கால செயின் ஆயில் வாங்குவோர் கவனத்திற்கு

நாகர்கோவிலில் உள்ள ஒரு சைக்கிள் கடையில், மழைக்கென்றே தயாரான ‘வெட் லூப்’ என்று சொல்லி விற்ற எண்ணெயால் நான் ஏமாற்றப்பட்டிருக்கிறேன். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கையோடு வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும் நம் குமரி மாவட்டத்தில், வேறு யாரும் இப்படிப் பணத்தை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை செல்லும் சாலையில் மழையில் நனைந்து திரும்பிய மறுநாள் காலையிலேயே, செயினின் பக்கத்தகடுகளில் செம்பழுப்பு நிறத்தில் துரு படிந்திருந்தது. விரலால் தொட்டால் எண்ணெய்ப் பசையே இல்லை. புட்டியிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் விட்டுச் சாய்த்தபோது அது தண்ணீராக ஓடியதுடன், மண்ணெண்ணெய் வாடையும் அடித்தது. உண்மையான வெட் லூப் கெட்டியாக, மெதுவாக இறங்கும். செயின் உருளைகளுக்குள் இருக்கும் ஊசிகளைப் பற்றிக்கொண்டு மழைநீரில் எளிதில் கழுவப்படாமல் நிற்கும். வெயில் காலத்துக்கான ‘டிரை லூப்’ அப்படியன்று. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி மெல்லிய படலம் மட்டுமே எஞ்சும் என்பதால், பலத்த மழைக்கு அது தாங்காது. எனக்கு விற்கப்பட்டது இந்த இரண்டில் எதுவும் இல்லை.

கடையில் கேட்டதற்கு, மழையில் ஓட்டினால் துருப்பிடிக்கத்தான் செய்யும் என்று சொல்லி, செயினையும் பின்பக்கப் பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றச் சொன்னார்கள். இதுதான் எனக்கு மிகுந்த வேதனை தந்தது. செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதைவிட அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு கூடினால்தான் மாற்ற வேண்டிய நிலை. அளந்து பார்த்ததில் என் செயின் தேயவே இல்லை. துருவைத் துடைத்து, நல்ல எண்ணெயை ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, மேலே வழிந்ததைத் துணியால் ஒற்றியெடுத்தபின் இன்றுவரை சத்தமின்றி ஓடுகிறது. வெளியே தங்கும் எண்ணெய் மணலை இழுக்கும் என்பதால், இந்தத் துடைப்பை யாரும் விட்டுவிட வேண்டாம்.

அந்தப் புட்டியில் தயாரிப்பாளர் முகவரியோ, அதிகபட்ச சில்லறை விலையோ, தயாரித்த மாதமோ அச்சிடப்படவில்லை. மூடியில் முத்திரையும் இல்லை. பொட்டலப் பொருள்களில் இவ்விவரங்கள் இருந்தாக வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் விதி. பில் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால், புட்டியை எறிந்துவிடாமல் படமெடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள்.