சின்ன ஆபீசுக்கு நெட்வொர்க் ஆள் பிடித்த கதை: மூன்று வருஷம் கழித்து ஒரு கணக்கு

சென்னை மேற்கு மாம்பலத்தில் எங்களுடையது ஒரு ஆடிட்டர் ஆபீஸ். பத்து சிஸ்டம், ரெண்டு பிரிண்டர், டேலி என்ற கணக்கு சாப்ட்வேரின் டேட்டா வைத்திருக்கும் ஒரு சர்வர், நாலு கேமரா, அவ்வளவுதான். ஆனால் மாசா மாசம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஜூலை கடைசியில் வருமான வரி என்று ஓடுகிற இடத்தில் நெட்வொர்க் படுத்தால் ஆபீசே படுத்துவிடும். பழைய வயரிங்கை மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் புதுசாகப் போட்டு மூன்று வருஷம் ஓடிவிட்டது. கொடுத்த காசு தேறியதா என்று இப்போது சொல்லலாம்.

மூன்று இடத்தில் விலை கேட்டோம். முதல் ஆள் போனிலேயே "மொத்தம் 18,000 சார், எல்லாம் அடக்கம்" என்றார். இடத்தை வந்து பார்க்கவே இல்லை. அடுத்தது ஒரு கம்பெனி. அவர்கள் கொட்டேஷன் 60,000-ஐத் தாண்டியது. பத்து சிஸ்டம் ஆபீசுக்கு மேனேஜ்டு சுவிட்ச் (எல்லா நெட்வொர்க் வயரும் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச், இது விலை கூடிய ரகம்), வெளித் தாக்குதலைத் தடுக்கும் ஃபயர்வால், அதற்கு மேல் வருஷத்துக்கு 12,000 ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். மூன்றாவது, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை ஒன்றில் இருந்துவிட்டுத் தனியாகத் தொழில் செய்யும் ஒருவர். வந்தவுடன் டேப் பிடித்து அளந்தார். கரன்ட் பைப் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார். மறுநாள் வாட்ஸ்அப்பில், நோட்டுத் தாளில் கையால் எழுதிய கணக்கைப் படம் எடுத்து அனுப்பினார்: வயர் இழுத்து, ஐஓ பாக்ஸ் (வயரைச் சொருகும் சுவர்ப் பெட்டி) மாட்டி, டெஸ்ட் செய்து தர பாயிண்டுக்கு 350 ரூபாய் கூலி. வயரை மூடும் பிளாஸ்டிக் கேசிங் அடிக்க மீட்டர் கணக்கு. கீழே ஒரு வரி: "சாமான் நீங்களே வாங்குங்க சார், பில் உங்க பேர்ல போடுங்க, நான் கூட வரேன்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் அவரை எடுத்தோம். "எல்லாம் அடக்கம்" என்று சொல்லும் விலையில் அடிபடுவது எப்போதும் கேபிள்தான். கேட்-6 (நெட்வொர்க் கேபிளில் ஒரு தரம்) என்று அச்சடித்து 305 மீட்டர் பெட்டியில் வருவதெல்லாம் முழுச் செம்பு இல்லை. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசிய சரக்கும் அதே மாதிரி பெட்டியில்தான் வருகிறது, விலை பாதிக்கும் குறைவு. கடையிலேயே ஒரு துண்டு வெட்டி, கம்பியை பிளேடால் சுரண்டிக் காட்டினார். ஒன்று உள்ளே வெள்ளையாக இருந்தது, நாலு தரம் மடக்கியதும் ஒடிந்துவிட்டது. இன்னொன்று உள்ளேயும் சிவப்பு. பாக்ஸைத் தூக்கினாலே எடையில் தெரியும் என்றார், தெரிந்தது. கேமராவுக்கு அந்த வயரிலேயே கரன்டும் போக வேண்டியிருந்ததால் இதில் விளையாட முடியாது. அலுமினியத்தில் தடை அதிகம், சூடேறும். பில் எங்கள் பேரில் இருந்ததால் 18 சதவீத ஜிஎஸ்டிக்கு இன்புட் கிரெடிட்டும் கிடைத்தது, அதாவது நாங்கள் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொண்டோம். ஆடிட்டர் ஆபீசில் அதை விடுவோமா?

பழைய வயரைக் கழற்றும்போதுதான் டேலி ஏன் அத்தனை வருஷம் நொண்டியது என்று புரிந்தது. முன்னால் செய்தவர் ஒரே கேபிளில் இருக்கும் எட்டுக் கம்பியில் நாலை ஒரு சிஸ்டத்துக்கும் நாலை இன்னொன்றுக்கும் பிரித்துக் கொடுத்து, கேபிள் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார். நாலு கம்பியில் 100 எம்பிபிஎஸ் ஓடும். அதைவிடப் பத்து மடங்கு வேகமான ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். சுவிட்ச் ஜிகாபிட் என்று வாங்கி வைத்து என்ன பிரயோஜனம்?

வேலை முடிந்ததும் ஒவ்வொரு பாயிண்டிலும் டெஸ்டரை மாட்டி, ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிவதைக் காட்டினார். அந்த டெஸ்டர் கம்பி இணைந்திருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. அதனால் சர்வரிலிருந்து ஒரு பெரிய ஃபைலை ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் காப்பி செய்து பார்த்தோம். நொடிக்கு 110 எம்பி (மெகாபைட், எம்பிபிஎஸ் இல்லை) பக்கம் வந்தது, ஜிகாபிட்டில் வர வேண்டிய வேகம் அதுதான். அதன் பிறகுதான் பாக்கிப் பணம். ரவுட்டர் பாஸ்வேர்டை எங்களையே மாற்றச் சொன்னார். வயரின் ரெண்டு முனையிலும் நம்பர் ஒட்டி, எந்த நம்பர் எந்த மேஜை என்று ஒரு தாளையும் சுவிட்ச் இருக்கும் ராக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுப் போனார்.

அந்த நம்பர் எங்களைக் காப்பாற்றியது ஒரு ரிட்டர்ன் நாளில். திடீரென்று எல்லா சிஸ்டமும் நின்றுவிட்டது. போன் போட்டேன்.

"சுவிட்ச்ல எல்லா லைட்டும் ஒரே நேரத்துல படபடன்னு அடிக்குதா சார்?"

"ஆமாப்பா."

"யாரோ லூப் போட்டுட்டாங்க. நம்பர் ஒட்டாத வயர் எதுன்னு பாருங்க, பிடுங்குங்க."

ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர் பயிற்சி) பையன் ஒருவன், தொங்கிக்கொண்டிருந்த வயரின் ரெண்டு முனையையும் ஒரே சுவிட்சில் சொருகி வைத்திருந்தான். பிடுங்கியதும் சரியாகிவிட்டது. போனில் சொன்னதற்கு அவர் காசு வாங்கவில்லை.

இதுவரை வந்த ரிப்பேர் என்றால், ஃபால்ஸ் சீலிங்கில் எலி கடித்து ஒரு பாயிண்ட் போனது, சுவிட்ச் அடாப்டர் ஒருமுறை எரிந்தது. விசிட்டுக்கு 500 வாங்கினார், இப்போது 700. மூன்று வருஷமும் சேர்த்துக் கொடுத்தது அந்தக் கம்பெனி கேட்ட ஒரு வருஷ ஏஎம்சியில் பாதிகூட வராது. ரெண்டு மூன்று கிளை இருந்து, ஆள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் என்றால் ஏஎம்சி போடுவதில் தப்பில்லை. எங்களுக்குத் தேவைப்படவில்லை.

குறையும் உண்டு. கேசிங் மூலை வெட்டு அசிங்கமாக இருக்கும், வரவேற்பறையில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். கூலிக்கு பில் கிடையாது. தீபாவளி, பொங்கல் வாரத்தில் போனே எடுக்க மாட்டார். விண்டோஸ், டேலி தகராறு என்று கூப்பிட்டால் "அது என் வேலை இல்ல சார்" என்பார். இந்தக் கடைசியைக் குறை என்று சொல்ல மாட்டேன். தெரியாததில் கை வைத்துக் கெடுக்கும் ஆட்களை நிறையப் பார்த்தாயிற்று.

மேல்மாடியையும் வாடகைக்கு எடுக்கப் போகிறோம். அங்கே இன்னும் உயர்ந்த தரமான கேட்-6ஏ கேபிள் போடலாமா என்று கேட்டேன். "உங்க சுவிட்சே ஒரு ஜிகாபிட்தான். நாளைக்கு பத்து ஜிகாபிட் வந்தாலும் இந்தக் கேபிளே அம்பது மீட்டர் வரைக்கும் தாங்கும். மேல உங்களுக்கு நீளமான ஓட்டமே இருபத்தஞ்சுதான். அந்தக் காசுக்கு மேஜைக்கு ரெண்டு வயரா இழுத்துடலாம் சார்" என்றார். கணக்குத் தாள் இன்னும் வரவில்லை.