நந்தினியா, ரவிதாசனா? பொன்னியின் செல்வனில் யார் பெரிய பாவி

கிளிநொச்சிப் பக்கம் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை வாசித்தவர்களிடம் கதையில் யார் மிகப் பொல்லாத ஆள் என்று கேட்டால், அனேகமானோர் யோசிக்காமல் நந்தினி என்பார்கள். அதற்குக் காரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை வெள்ளைக்காரனிடம் காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்த கதையை நாடக மேடையில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டாரவன்னியன் அதே வருடம் கற்சிலைமடுவில் தோற்றான். அந்தத் தோல்விக்கு வன்னிச் சனம் வெள்ளைக்காரனின் துவக்கைவிடக் காக்கை வன்னியனைத்தான் அதிகம் திட்டும். அந்தக் கண்ணோடு வாசித்தால், பழுவூர் இளைய ராணியாக இருந்துகொண்டே சோழ குலத்துக்குக் குழி பறிக்கும் நந்தினிதான் கண்ணில் குத்துவாள்.

என் தீர்ப்பு வேறு. ரவிதாசன்தான் கூடக் கொடியவன்.

நந்தினி செய்தவை சிறிய பாவங்கள் இல்லை. தன்னை நம்பிய கணவன் பெரிய பழுவேட்டரையரை, அறுபது வயது தாண்டிய அந்த வீரரை, ஊரே சிரிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தாள். நோயில் கிடந்த சோழ அரசர் சுந்தர சோழர் முன்னால், அவர் முன்பு காதலித்துச் செத்துவிட்டதாக நம்பிய மந்தாகினியின் ஆவிபோல நள்ளிரவில் வந்து நின்று அந்த மனுசனின் நெஞ்சை அறுத்தாள். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. நேராகக் கத்தியால் குத்துவதைவிட இது மோசம். ஆனால் அவளுடைய கோபத்துக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. காயப்பட்டுக் கிடந்த பாண்டிய அரசன் வீரபாண்டியனுக்காகக் கையெடுத்துக் கும்பிட்டும், சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் அவள் கண் முன்னாலேயே அவன் தலையை வெட்டினான். அதற்குப் பிறகு அவள் நல்லவளாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, ரவிதாசனைப் பாருங்கள். அவனும் அதே வீரபாண்டியனின் ஆபத்துதவிதான், அரசனின் உயிரைக் காக்கச் சபதம் எடுத்த மெய்க்காவலன். தனக்கென்று பொன்னோ பட்டமோ கேட்காதவன், செத்த அரசனுக்குக் கடைசிவரை விசுவாசமாக இருந்தவன் என்று அவனுக்காகப் பேசுபவர்கள் உண்டு. அந்த விசுவாசம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? திருப்புறம்பயம் பள்ளிப்படையில், அதாவது செத்த அரசனுக்குக் கட்டிய சமாதிக் கோயிலில், நடக்கும் காட்சியை இன்னொருமுறை வாசியுங்கள். நடுச்சாமம், காடு, ஆந்தை அலறும் குரலில் சைகை. அங்கே ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டுவந்து பாண்டிய மன்னன் என்று முடி சூட்டுகிறார்கள். வாளை வைத்துச் சபதம் எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? நித்திரை கொள்ள வேண்டிய நேரத்தில் அதன் தலையில் ஒரு குலத்தின் பழி முழுவதையும் ஏற்றுகிறார்கள். பெரியவர்களின் போரைப் பிள்ளைகள் சுமந்த ஊர்களில் இருந்துகொண்டு இந்த இடத்தைச் சும்மா கடந்துபோக என்னால் முடியாது.

நந்தினியையும் அவன் அப்படித்தான் நடத்துகிறான். அவளை ராணி என்று வணங்குகிறான், அவளுடைய துக்கம் ஆறிவிடாமலும் பார்த்துக்கொள்கிறான். அவள் கொஞ்சம் மனம் இளகினால் உடனே சந்தேகம், உடனே சபதத்தை நினைவுபடுத்தல். கடைசியில் என்ன நடக்கிறது? சுந்தர சோழரைக் குறிவைத்து அவனுடைய கூட்டத்து ஆள் எறிந்த வேல் மந்தாகினியின் உடம்பில் பாய்கிறது. மந்தாகினி நந்தினியைப் பெற்ற தாய். யாருடைய கண்ணீரைக் காட்டி ஆள் சேர்த்தார்களோ, அவளுடைய தாயையே அந்தச் சதி கொன்றுவிட்டது. விசுவாசம் பேசுபவர்கள் இந்தச் சாவுக்கு ஒரு பதில் சொல்லட்டும்.

இன்னொரு விசயம். நந்தினி கல்கியின் கற்பனை, ரவிதாசன் அப்படியல்ல. காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் உடையார்குடிக் கோயிலில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் அதில் உண்டு. அவர்களுடைய சொந்தக்காரர்களின் நிலங்கூடப் பறிபோனது. இந்தத் தண்டனையை நான் நியாயம் என்று சொல்லவில்லை, சொந்தக்காரர் என்ன பாவம் செய்தார்கள்? ஆனால் 1950இல் தொடர்கதை எழுதத் தொடங்கிய கல்கி, கல்லில் இருந்த அந்தப் பெயருக்கு இரக்கம் எதையும் சேர்க்கவில்லை. இரக்கம் முழுவதையும் தான் படைத்த பெண்ணுக்கே கொடுத்தார். எழுதியவருக்கே இருவருக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

கடம்பூர் மாளிகையில் கரிகாலன் எதிரே நிற்கும்போது, அத்தனை வருடம் காத்திருந்த நந்தினியே தடுமாறுகிறாள். வாள் பக்கத்தில் இருக்கிறது, ஆள் எதிரில் இருக்கிறான், ஆனாலும் அவளால் முடியவில்லை. அழுகிறாள். ரவிதாசன் ஐந்து பாகத்திலும் ஓரிடத்தில்கூட அப்படித் தடுமாறவில்லை.