மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர்கள் கவனம்: 85,000 ரூபா போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஒன்லைனில் வாங்கி விற்கும் ஒரு தளத்தில் விளம்பரம் போட்டிருந்த ஒருவனிடம் மெட்டல் டிடெக்டர் வாங்கி 85,000 ரூபாவை இழந்திருக்கிறேன். தளத்தின் பெயரைச் சொல்லவில்லை. குளத்தங்கரையில் இந்த மெஷினை எப்படிச் செட் பண்ணுவது என்றும் கீழே எழுதுகிறேன், அது தெரிந்தால் இவர்களுடைய பொய் உடனே பிடிபடும்.

கந்தளாய்க் குளத்தில் குளிக்கும்போது தங்கச்சியின் கல்யாண மோதிரம் விழுந்துவிட்டது. விழுந்த இடம் தெரியும், கோடையில் வற்றி முழங்காலளவு தண்ணிதான் நிற்கிறது. மாரி தொடங்கிக் குளம் நிரம்பினால் அந்த இடத்தை நினைத்தும் பார்க்க முடியாது. அந்த அவசரத்தில்தான் மெஷின் தேடினோம்.

'மல்டி ஃபிரீக்வென்சி, கடல், குளம் எல்லாத்துக்கும் சரி, முழு மெஷினையும் 3 மீட்டர் தண்ணிக்குள்ள போடலாம்' என்று விளம்பரத்தில் இருந்தது. மல்டி ஃபிரீக்வென்சி என்றால் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் தேடும் மெஷின். போன் எடுத்தேன். "அண்ணா திருகோணமலையா? எங்கட அம்மாவும் அந்தப் பக்கம்தான்" என்றான். வட்ஸ்அப் வீடியோவில் வந்து, பச்சை பேசினில் தண்ணி நிரப்பி, தன் விரல் மோதிரத்தைக் கழற்றி உள்ளே போட்டு, மேலே மெஷினின் நுனியில் உள்ள, உலோகத்தை உணரும் தட்டை ஆட்டிக் காட்டினான். டிங் என்று சுத்தமான சத்தம். நடுவில் பிள்ளை அழுதது. "கொஞ்சம் இருங்கோ அண்ணா" என்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மிச்ச விளக்கத்தையும் பொறுமையாகச் சொன்னான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவன் பொய் சொல்வான் என்று யார் நினைப்பார்? கூரியர்காரர் இதற்குக் காசு வாங்கித் தர மாட்டார்கள், முதலே போட வேண்டும் என்றான். 85,000 ரூபாவையும் ஒரே தடவையில் வங்கியில் போட்டேன்.

பேசினில் மண் கிடையாது. மண்ணில் உள்ள இரும்புச் சத்துத்தான் மெஷினைக் குழப்புவது. பேசினில் எந்த மலிவு மெஷினும் டிங் என்று அடிக்கும்.

பார்சல் வந்ததும் உப்புவெளிக் கரையில், ஈர மணலில் வைத்துப் பார்த்தேன். ஓயாத அலறல். கேட்டால், "கடல்ல அப்படித்தான் அண்ணா, குளத்துக்குக் கொண்டு போங்கோ" என்றான். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். உப்புத் தண்ணி மின்சாரத்தைக் கடத்தும். ஒற்றை ஃபிரீக்வென்சி மெஷின் ஈர உப்பு மணலில் கத்தும், நன்னீரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவன் எனக்கு விற்றது, அதைச் சமாளிக்கும் மல்டி என்று சொல்லித்தானே?

கந்தளாயிலும் அதே கூத்து. மண்ணுக்கு ஏற்றபடி சமன் செய்யும் பட்டனே அந்த மெஷினில் கிடையாது. சென்சிடிவிட்டியை, அதாவது மெஷின் எவ்வளவு நுட்பமாக உணரும் என்ற அளவைக் குறைத்தால் சத்தம் அடங்குகிறது, கூடவே ஆழமும் போய்விடுகிறது. சரி, தண்ணிக்குள்ளாவது பார்ப்போம் என்று இறங்கினேன். திரையும் பற்றரியும் உள்ள பெட்டி ஒரு தடவை நனைந்ததும் திரை மங்கி அணைந்துவிட்டது. நாலு ஆணியையும் கழற்றிப் பார்த்தால், மூடி பொருந்தும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டிய பள்ளம் வெறுமையாக இருந்தது. பற்றரிக் கம்பியில் தண்ணி முத்து முத்தாக நின்றது. தட்டுக்கு மட்டும்தான் தண்ணி படலாம். முழு மெஷின் என்று எழுதியிருந்தான்!

அப்புறம் தொடங்கியது இழுத்தடிப்பு. முதலில், "தண்ணிக்குள்ள போட்டீங்களா? அப்ப வாரண்டி இல்லை." அவனுடைய விளம்பரத்தையே படம் எடுத்து அனுப்பினேன். "முதலாளி வெளியூர், வந்ததும் கதைக்கிறேன்." பிறகு நீலக் கோடு மட்டும், பதில் இல்லை. கடைசியில், "இந்த மெஷின் வச்சிருக்கிறீங்க என்று பொலிஸுக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தான் பிரச்சினை" என்று மிரட்டல். அதோடு நம்பர் பிளொக். தளத்துக்கு எழுதினால், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான விஷயமாம், அவர்கள் பொறுப்பில்லையாம். விளம்பரத்தையும் தூக்கிவிட்டார்கள். 85,000 ரூபா எனக்குச் சின்னக் காசு இல்லை.

செட் பண்ணுவதைப் பற்றி நிறைய எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மண் சமன் பட்டன் இல்லாத மெஷினை வாங்க வேண்டாம், அதிலும் புல்மோட்டைப் பக்கத்து இல்மனைட் (இரும்பு உள்ள ஒரு கனிமம்) கலந்த கறுப்பு மணலுக்கு வேண்டவே வேண்டாம். குளத்தங்கரையில் உலோகத் துண்டு எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, தட்டை மேலும் கீழும் ஆட்டிச் சத்தம் அடங்கும் வரை சமன் செய்யுங்கள், பிறகு சென்சிடிவிட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சோடா டின் மூடி, வெள்ளித் தாள் இரண்டும் வேண்டாம் என்று வடிகட்டினால் தங்க மோதிரமும் சேர்ந்து போய்விடும், அவற்றையும் மோதிரத்தையும் மெஷின் திரையில் கிட்டத்தட்ட ஒரே எண்ணில்தான் காட்டும். கந்தளாய்க் குளக்கட்டில் மண்வெட்டி வைக்கவே வேண்டாம், 1986இல் உடைந்து உயிர்களைக் கொண்டுபோன கட்டு அது. அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது சட்டப்படி குற்றம், தொலைந்த சாமான் தேடுவதாக இருந்தாலும் பொலிஸில் முதலே சொல்லிவிட்டுப் போங்கள்.

காசு முதலே போடாதீர்கள். மெஷினை மண்ணில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், பேசினில் வேண்டாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் பணம் போட்ட ரசீதையும் வட்ஸ்அப் படங்களையும் அழிக்காமல் எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள், சேர்ந்தே கொடுப்போம்.