மஞ்சள் கேலிப்பர் வண்டியா? சக்கரத்தைக் கழற்ற விடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

செராமிக் பிரேக் உள்ள வண்டி வைத்திருப்பவர்களும் அப்படி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்களும் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். போர்ஷேயில் செராமிக் பிரேக் என்றால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் மஞ்சளாக இருக்கும். ஆயில் மாற்றக் கொடுத்த என் வண்டிக்குக் கடைசியில் பத்து லட்சத்தைத் தாண்டி எஸ்டிமேட் வந்தது. எங்கேயும் இடிக்கவில்லை, ரேஸ் ஓட்டவில்லை. சர்வீஸுக்காகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டினார்கள், அவ்வளவுதான்.

வண்டி 2010 மாடல் போர்ஷே கேமன் எஸ். 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர், 320 குதிரைத்திறன். நான் மூன்றாவது ஓனர். கோவையில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் நடத்துகிறேன். பல வருஷ ஆசையை அடக்கி அடக்கி வைத்து ஒருநாள் வாங்கியது. முதல் ஓனர் செராமிக் பிரேக் ஆப்ஷனோடு எடுத்திருந்தார். அந்த மஞ்சள் கேலிப்பரைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன் என்பதை மறைக்கவில்லை.

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் நண்பர்களோடு ஒருநாள் ஓட்டுவதாகத் திட்டம். அதற்கு முன் இஞ்சின் ஆயில், ஃபில்டர், பின்னால் இரண்டு டயர், அப்புறம் பிரேக் ஆயில். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. கம்பெனி சர்வீஸ் சென்டரின் தொகையைப் பார்த்ததும் மனசு பின்வாங்கியது. ஜெர்மன் கார்கள் பார்க்கும் ஒரு தனியார் கராஜை உறவினர் ஒருவர் சொன்னார். பெயரை இங்கே எழுதவில்லை, விஷயம் வக்கீல் கையில் இருக்கிறது. பளபளவென்று தரை, ஏசி அறை, காபி. கம்பெனி ரேட்டில் பாதிதான் கேட்டார்கள்.

"போர்ஷே பார்த்திருக்கீங்களா?" என்றேன்.

"நம்மகிட்ட வராத வண்டியே இல்லீங்ணா."

அந்தப் பதிலில் 'ஆமாம்' என்ற சொல்லே இல்லை என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

மறுநாள் மாலை வண்டி வந்தது. கழுவி, டயருக்குப் பாலிஷ் போட்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றது. பணமாகக் கொடுத்தால் ஜிஎஸ்டி இல்லை என்றார்கள். கொடுத்தேன். துண்டுச் சீட்டு மாதிரி ஒரு பில். இது என் முதல் முட்டாள்தனம்.

அடுத்த நாள் காலை ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலம் கலந்த வெள்ளைப் புகை. எதிர்வீட்டு அக்கா கொசுமருந்து வண்டி வந்துவிட்டது என்று ஜன்னலைச் சாத்திவிட்டார். போன் செய்தால், "புது ஆயில் இல்லீங்களா, ரெண்டு நாளைக்குப் புகையும், அப்பறம் நின்னுரும்" என்கிறார்கள். புது ஆயிலுக்காக எந்த இஞ்சினும் புகைவதில்லை.

நடந்தது இதுதான். இந்த வண்டியில் ஆயில் பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது. மீட்டரில் எலக்ட்ரானிக் அளவுகோல்தான். சமதளத்தில் நிறுத்தி, இஞ்சின் நன்றாகச் சூடேறி ஐடிலில் ஓடும்போதுதான் அது சரியான அளவைக் காட்டும். இவர்கள் சூடேறாமலே பார்த்து, குறைவாக இருக்கிறது என்று நினைத்து மேலே மேலே ஊற்றியிருக்கிறார்கள். பில்லில் 9 லிட்டர். ஆயில் அதிகமானால், இஞ்சினுக்குள் எழும் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் செபரேட்டரைத் தாண்டி அது காற்றுக்குழாய் வழியாகவே எரிய வந்துவிடும். அந்தப் புகை அதுதான். இன்னும் மோசமானால் சிலிண்டருக்குள் திரவம் சேர்ந்து இஞ்சினே போகலாம். சரி, எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று பார்த்தால் 'சிந்தெடிக்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. போர்ஷே கேட்பது ஏ40 அங்கீகாரம் உள்ள ஆயில். டின்னில் அது அச்சாகியிருக்கும், காலி டின்னைக் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை.

இதற்கு மேல் அவர்களிடம் விட மனசில்லை. ஃபிளாட்பெட்டில் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்பினேன். முன்பு கம்பெனி சர்வீஸில் இருந்துவிட்டு இப்போது தனியாக வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அங்கே இருக்கிறார். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை வராது. நானும் பஸ் ஏறிப் போய் நின்றேன். வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் அடியில் பிளாஸ்டிக் தட்டில் ஒரு விரிசலைக் காட்டினார். ஜாக்கியை அதற்கென்று உள்ள நான்கு இடங்களை விட்டுவிட்டு நடுவில் கொடுத்திருக்கிறார்கள். ரேடியேட்டர்கள் முன்னால், இஞ்சின் சீட்டுக்குப் பின்னால். கூலன்ட் குழாய்கள் வண்டியின் அடிவழியாகத்தான் ஓடியாக வேண்டும். குழாய் தப்பியது என் அதிர்ஷ்டம். ஒன்றரை லிட்டர் ஆயிலை வடித்தார், புகை நின்றது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பிரேக்கையும் பார்த்துவிடலாம் என்று முன்சக்கரத்துக்குப் போனார். போல்ட் அசையவில்லை. நீளமான பைப் போட்டு இரண்டு பேர் தொங்கவேண்டி வந்தது. இந்த வண்டியில் வீல் போல்ட்டை இறுக்க வேண்டிய அளவு 130 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னால் சும்மா 'டர்ர்' என்று அடித்து இறுக்கியிருக்கிறார்கள். என் பட்டறையில் இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஒரு ஃபிக்ஸ்சர் போல்ட்டை முறுக்கினால்கூட பையன்களைத் திட்டுவேன். என் சொந்த வண்டிக்கு அந்தக் கேள்வியையே கேட்காமல் விட்டிருக்கிறேன்.

பிறகு அவர் செய்ததைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். முதலில் இரண்டே போல்ட்டைக் கழற்றினார். அந்த ஓட்டைகளில் விரல் நீளத்துக்கு மேல் இருந்த இரண்டு கம்பிகளைத் திருகினார். அதற்கப்புறம்தான் மீதி மூன்று போல்ட். சக்கரம் அந்தக் கம்பிகளின் மேல் உட்கார்ந்தது. மெதுவாக, நேராக வெளியே இழுத்தார்.

"இது எதுக்கு?" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க டூல் கிட்லயே இருக்குமே சார்."

முன் டிக்கியைத் திறந்தேன். இருந்தது. மூன்று ஓனர் கைமாறியும் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

நம் ஊர் வண்டிகள் பலவற்றில் ஹப்பிலேயே ஸ்டட் என்ற மரைக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், நட்டைக் கழற்றினாலும் சக்கரம் அதில் தொங்கும். போர்ஷேயில் போல்ட். ஐந்தையும் எடுத்துவிட்டால் சக்கரத்தைப் பிடிக்க ஒன்றும் இல்லை. சாய்ந்து, அதன் உள்வளையம் நேராக டிஸ்க்கின் விளிம்பில் போய் மோதும். இரும்பு டிஸ்க் என்றால் ஒரு கீறல், துடைத்துவிட்டுப் போகலாம். இது கார்பன் இழை கலந்த சிலிக்கான் கார்பைடு. சுமார் 1,700 டிகிரி வெப்பத்தில், வெற்றிடத்தில் உருவாக்குகிறார்கள். இரும்பு டிஸ்க்கின் எடையில் ஏறக்குறைய பாதிதான், சூட்டைத் தாங்கும், துருப்பிடிக்காது. ஆனால் விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் பெயர்ந்துவிடும். எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உலோகத்தை வெட்டும் செராமிக் இன்சர்ட் ஒன்று கை தவறி டேபிளில் விழுந்தால் முனை போய்விடும் என்று தினமும் பார்க்கிறவன் நான். என் வண்டியில் நாலு மூலையிலும் அதே ஜாதிப் பொருள் 350 மில்லிமீட்டர் வட்டத்தில் சுற்றுகிறது என்பது மட்டும் தோன்றவில்லை.

வலது முன் டிஸ்க்கின் வெளி விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. சக்கரத்தின் உள்வளையத்தில் அதற்கு நேராகப் புதுக் கீறல். பிரேக் ஆயில் மாற்ற நான்கு சக்கரத்தையும் கழற்றியிருக்கிறார்கள், மூன்று தப்பித்திருக்கின்றன. கழற்றியது கழற்றியபடி தேய்மானத்தையும் பார்த்துவிடலாம் என்று டிஸ்க்கைத் தராசில் வைத்தார். நகைக்கடை மாதிரி இருந்தது. குறைந்தபட்ச எடை டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது. அந்தக் கணக்கில் என் டிஸ்க்குக்கு இன்னும் நிறைய ஆயுள் பாக்கி என்பதுதான் வயிற்றெரிச்சல். இவ்வளவு பெரிய பெயர்ப்போடு ஓட்டக்கூடாது என்று கம்பெனி சென்டரிலும் சொல்லிவிட்டார்கள். ஒரு அச்சில் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். முதல் பத்தியில் சொன்ன எஸ்டிமேட் இதுதான், முன்பக்கம் மட்டும்.

கராஜுக்குப் போனேன். ஆயிலுக்கு மன்னிப்புக் கேட்டார்கள், லேபரைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். டிஸ்க் என்றதும் பேச்சு மாறியது.

"அது வரும்போதே அப்பிடித்தானுங்ணா இருந்துச்சு. நாங்க சொல்லலாம்னுதான் இருந்தோம்."

வரும்போதே இருந்திருந்தால் ஜாப் கார்டில் ஏன் எழுதவில்லை? பதில் இல்லை. கேமரா பதிவு கேட்டேன். அன்றைக்குப் பார்த்து அது ஓடவில்லையாம். வேலை பார்த்த பையன் ஊருக்குப் போய்விட்டானாம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. இருபது வயசு இருக்கும், யாரும் அவனுக்குச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். பெயர்ந்ததைப் பார்த்த பிறகும் சக்கரத்தை மாட்டி, கழுவி, பாலிஷ் போட்டு என் கையில் சாவியைக் கொடுத்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த டிஸ்க்கோடு நான் ட்ராக்கில் இறங்கியிருப்பேன்.

என் பக்கம் பலவீனம் எனக்கே தெரியும். வண்டியை விடும்போது டிஸ்க்கைப் போட்டோ எடுக்கவில்லை. முறையான பில் இல்லை. துண்டுச் சீட்டும், போன் பேச்சுக்குப் பிறகு அவர்கள் அனுப்பிய வாட்ஸப் செய்திகளும்தான் இருக்கின்றன. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் புகார் தர வேண்டும், ஆன்லைனிலேயே தரலாம். நாம் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

இப்படி ஒரு வண்டியைக் கம்பெனிக்கு வெளியே விடுகிறீர்களா, கராஜ் பளபளப்பைப் பார்க்காதீர்கள். "சக்கரத்தை எப்படிக் கழற்றுவீங்க?" என்று கேளுங்கள். வழிகாட்டிக் கம்பி என்ற பேச்சு அவர்கள் வாயிலிருந்து வரவில்லை என்றால் காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். ஆயில் அளவை எப்படிப் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். விடுவதற்கு முன் ஸ்போக் இடுக்கு வழியாக நான்கு டிஸ்க்கின் விளிம்பையும் சுற்றிச் சுற்றி வீடியோ எடுங்கள், சக்கரம் அரைச் சுற்று சுற்றும்படி வண்டியை நகர்த்தி இன்னொரு முறை எடுங்கள். பஞ்சர் கடைக்கும் இது பொருந்தும். அங்கேதான் இன்னும் வேகமாகக் கழற்றுவார்கள்.

செராமிக்குக்குப் பணம் கட்ட என்னால் முடியவில்லை. முன்னும் பின்னும் 350 மில்லிமீட்டர் இரும்பு டிஸ்க்கை வெளியிலிருந்து வரவழைத்தேன், அதற்கேற்ற பேடும் தனியாக வாங்க வேண்டியிருந்தது. மஞ்சள் கேலிப்பர் அப்படியே இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பெயர்ந்த டிஸ்க்கைத் துணி சுற்றிப் பட்டறை பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன், ஆணையத்தில் காட்ட வேண்டியிருக்கும். நோட்டீஸுக்குப் பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.