காலிக் கோட்டைக்குக் கடலோர ரயில்: ஏறலாமா?

கொழும்பு கோட்டை ரயில் நிலையத்திலிருந்து இலங்கையின் தென்கரையிலுள்ள காலிக்கு ஏறத்தாழ 116 கி.மீ., ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். அதிவேக நெடுஞ்சாலை பஸ் சீக்கிரம் போய்விடும்; ஆனால் கடல் தெரியாது. எங்கள் ஓட்டு ரயிலுக்கே.

போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்கம். பல ரயில்கள் கொழும்பு கோட்டைக்கு முந்தைய நிலையமான மருதானையிலேயே புறப்படுகின்றன. முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பென்றால் அங்கேயே ஏறுங்கள். கொழும்பு கோட்டை நிலையத்தில் நின்றால் கிடைப்பது பெரும்பாலும் படிக்கட்டுதான்.

காலியில் இறங்கினால் கோட்டை மதில் வாசல் பத்து நிமிட நடை, ஆட்டோவே வேண்டாம். மதிலில் ஏறக் கட்டணமில்லை, நிழலும் இல்லை. நாலரைக்குமேல் ஏறுவதே புத்தி. துறைமுகப் பக்கத்துப் பழைய வாசலைத் தவறவிடாதீர்கள்: உள்முகத்தில் 1669 பொறித்த ஒல்லாந்தர் சின்னம், இருபுறமும் சிங்கங்கள், உச்சியில் ஒரு சேவல்.