வேக், ஆக்சிஜன் அறை, தோல் ஒட்டு, மாவுக்கட்டு: ஆறாத கால் புண்ணுக்கு எது?

சர்க்கரை நோயாளியின் காலில் வந்த புண் இரண்டு மாதம் ஆறாமல் கிடந்தால் போதும், சிகிச்சைகளின் பெயர்கள் வரிசையாக வந்து விழும். ஒருவர் வேக் (புண்ணின் கசிவை உறிஞ்சி எடுக்கும் கருவி) வைக்கச் சொல்வார். இன்னொருவர் ஆக்சிஜன் அறைக்கு நாற்பது தடவை போய் வரச் சொல்வார். கருவைச் சுற்றியிருக்கும் பனிக்குடச் சவ்வை ஒட்டினால் மூடிவிடும் என்பார் ஒருவர், சொந்த ரத்தத்திலிருந்தே மருந்து எடுக்கலாம் என்பார் வேறொருவர். என் பெரியப்பாவின் குதிகாலுக்காக இதையெல்லாம் மாதக்கணக்கில் படித்தேன். ஆரம்பத்தில் நானும் 'எது சிறந்தது' என்றுதான் தேடினேன், அந்தக் கேள்வியே தப்பு என்று புரிய நாளாயிற்று. இந்தச் சிகிச்சைகள் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. ஒவ்வொன்றும் புண் ஆறாமல் இருப்பதற்கான வெவ்வேறு காரணத்தோடு மோதுகிறது. காரணம் எது என்று தெரியாமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தால் பணமும் போகும், அதைவிட முக்கியமாக நாளும் போகும்.

முதலில் ரத்த ஓட்டம்

எங்கள் வீட்டில் ஏழு வாரம் கட்டு மட்டுமே மாற்றிக்கொண்டிருந்தோம். பெயர் பெயராக விலை உயர்ந்த டிரெஸ்ஸிங், வாரம் மூன்று முறை. காலுக்கு ரத்தம் போகிறதா என்று அந்த ஏழு வாரத்தில் யாரும் பார்க்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் கணுக்காலில் அழுத்தம் பார்த்தபோது அது சரியாக இருப்பதாகவே காட்டியது. சர்க்கரை நோயில் இது அடிக்கடி நடப்பதுதான். ரத்தக் குழாயின் சுவரில் சுண்ணாம்புச்சத்து படிந்து இறுகிவிடுவதால் பட்டையை இறுக்கினாலும் குழாய் அமுங்காது, கருவி நல்ல எண்ணைக் காட்டிவிடும். அதனால்தான் கட்டைவிரலின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், விரலின் சிறு குழாய்களில் அந்தப் படிவு குறைவு. அது 30 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இருந்தால் உடனடியாக ஆஞ்சியோவோ பைபாஸோ யோசிக்க வேண்டிய நிலை. பெரியப்பாவுக்கு அந்த நிலைதான். அடைப்பை எடுத்த பிறகுதான் புண்ணின் அடியில் சிவப்புச் சதையே தெரிய ஆரம்பித்தது. ரத்தம் வராத இடத்தில் எந்தத் தோலை ஒட்டினாலும் அது பிழைக்காது.

கால் கறுத்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சலோடு சீழ் நாற்றம் வந்தாலோ இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சதவீதங்களை எப்படிப் படிப்பது

ஆய்வு முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். பனிக்குடச் சவ்வு ஒட்டியவர்களில் 92% பேருக்கு 6 வாரத்தில் ஆறியது என்கிறது 2013 ஆய்வு ஒன்று. சொந்த ரத்தத்தில் செய்த ஒட்டுக்கு 34% என்கிறது 2018 ஆய்வு ஒன்று. அப்படியானால் முதலாவது மூன்று மடங்கு நல்லதா? இல்லவே இல்லை. சிகிச்சை பெறாத, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த எதிரணிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். பனிக்குடச் சவ்வு ஆய்வில் மொத்தமே 25 பேர், எதிரணியில் ஆறியது 8%. ரத்த ஒட்டு ஆய்வில் எதிரணிக்கு 22%. ஆனால் அந்த ஆய்வில் எல்லோரையும் முதலில் 4 வாரம் நல்ல கவனிப்பில் வைத்து, புண் பாதிக்கு மேல் சுருங்கியவர்களை வெளியே எடுத்துவிட்டு, அடம் பிடிக்கும் புண்களை மட்டுமே சோதித்தார்கள். மொத்தம் 269 பேர். எனக்கு அந்த 34% மேல்தான் நம்பிக்கை அதிகம்.

அந்த 4 வாரக் கணக்குக்குப் பின்னால் 2003-ல் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. 4 வாரத்தில் பரப்பு பாதிக்கு மேல் சுருங்கிய புண்களில் 58%, 12 வாரத்துக்குள் ஆறின. அந்த அளவு சுருங்காதவற்றில் ஆறியது வெறும் 9%. புதுச் சிகிச்சை தேவையா என்று முடிவெடுக்க இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை. வாராவாரம் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் புண்ணைப் படம் எடுத்து வைத்தால் போதும்.

மாவுக்கட்டு: யாரும் விளம்பரம் செய்யாத போட்டியாளர்

உள்ளங்காலில் வரும் புண்ணில் பெரும்பாலானவை அழுத்தத்தால் வருபவை. உணர்ச்சி மரத்துப்போன பாதம், வலி தெரியாததால் அதே இடத்தில் அடி மேல் அடி வாங்கிக்கொண்டே இருக்கும். முதலில் காய்ப்பு வரும், அதன் அடியில் சதை கிழிந்து புண்ணாகும். இதற்கு, பாதத்தோடும் கெண்டைக்காலோடும் ஒட்டினாற்போல் ஒரு மாவுக்கட்டைப் போட்டு, எடை முழுவதையும் காலெங்கும் பரப்பிவிடுவதுதான் வைத்தியம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்துப் பழகிய மருத்துவர் பால் பிராண்ட், பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த முறையை அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கும் கொண்டுபோனார். நோய் வேறு, வலி தெரியாமல் நடப்பது ஒன்றுதான்.

2001-ல் 63 பேரை வைத்து ஒப்பிட்டார்கள். 12 வாரத்தில் மாவுக்கட்டில் 89.5% ஆறியது. கழற்றி மாட்டும் பூட்ஸில் 65%, பாதிக் காலணியில் 58.3%. பூட்ஸும் அழுத்தத்தைக் குறைக்கத்தான் செய்கிறது, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? 2003-ல் பூட்ஸுக்குள் நடையை எண்ணும் கருவியை வைத்துப் பார்த்தபோது பதில் கிடைத்தது: நோயாளிகள் அன்றாடம் எடுத்து வைக்கும் அடிகளில் 28 சதவீதத்துக்குத்தான் பூட்ஸ் காலில் இருந்தது. வலி இல்லை, அதனால் வீட்டுக்குள் நாலு அடிதானே என்று கழற்றிவிடுகிறார்கள். இதில் யாரையும் திட்ட மனம் வரவில்லை, வலி இல்லாத புண்ணை நாள் முழுக்க நினைவில் வைத்திருப்பது மனிதருக்குக் கஷ்டமான காரியம். சரி, அதே பூட்ஸைக் கழற்ற முடியாதபடி மேலே ஒரு கட்டுச் சுற்றிவிட்டால்? அதையும் 2005-ல் செய்து பார்த்தார்கள், கழற்ற முடியாதபடி சுற்றியவர்களில் 82.8%, கழற்ற முடிந்தவர்களில் 51.9% ஆறியது. பூட்ஸ் அதேதான், கழற்ற முடியாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இந்த எண்கள் ரத்த ஓட்டம் ஓரளவு நன்றாக இருந்தவர்களுடையவை, எல்லாப் புண்ணுக்கும் இதே எதிர்பார்ப்பு கூடாது. ரத்த ஓட்டமும் குறைந்து தொற்றும் இருந்தால் காலை மூடிக் கட்டுவது ஆபத்து. தடுமாறி விழும் முதியவர்களுக்கும் யோசித்துத்தான் போட வேண்டும். பெரியப்பாவுக்கு இது பொருந்தவில்லை. ஆனால் உள்ளங்கால் புண்ணோடு ஒருவர் செருப்புப் போட்டு நடந்துகொண்டே, இன்னொரு பக்கம் உயர்ந்த விலையில் தோல் ஒட்டு வாங்குகிறார் என்றால் எனக்கு மனசு தாங்காது.

வேக்: எந்தப் புண்ணுக்கு

புண்ணுக்குள் ஸ்பாஞ்ச் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, குழாய் வழியாக 125 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உறிஞ்சுவது வேக். கசிவை எடுக்கிறது, வீக்கத்தைக் குறைக்கிறது, சதை வளரத் தூண்டுகிறது. விரலோ பாதத்தின் ஒரு பகுதியோ எடுத்த பிறகு பெரிய குழியாகத் திறந்து கிடக்கும் காயத்துக்கு இது நல்ல துணை. 2005-ல் அப்படிப்பட்ட 162 பேரில், 16 வாரத்தில் வேக் வைத்தவர்களுக்கு 56%, மற்றவர்களுக்கு 39% ஆறியது. ஆனால் அன்றாட நடைமுறையில் சாதாரணக் கட்டோடு ஒப்பிட்டு ஜெர்மனியில் நடந்து 2020-ல் வெளியான பெரிய ஆய்வில் புண் மூடுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டுதல் சொல்வதும் இதைத்தான்: அறுவைக்குப் பிந்தைய காயத்துக்கு யோசிக்கலாம், மற்றப் புண்களுக்கு வேண்டாம். செத்த சதையை எடுக்காமல் அதன்மேல் ஸ்பாஞ்ச் வைக்கவே கூடாது. ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், உறிஞ்சும்போது ரத்தக் கசிவு வரலாம்.

இரண்டு ஆக்சிஜன், இரண்டு கதை

ஆக்சிஜன் அறை என்றால் உள்ளே போய், வெளியே இருப்பதைப்போல் 2 முதல் 2.5 மடங்கு அழுத்தத்தில், ஒன்றரை மணி நேரம் தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பது. 2010-ல் வந்த சுவீடன் ஆய்வில் 94 பேர், எதிரணியும் அதே அறையில்தான், வெறும் காற்றோடு. ஒரு வருடத்தில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 52%, எதிரணியில் 29% ஆறியது. நல்ல வித்தியாசம். 2016-ல் கனடாவில் இதே மாதிரி போலி அறையோடு செய்தபோது 12 வாரத்தில் இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவருக்குத்தான் ஆறியது, வித்தியாசமே இல்லை. 2018-ல் வந்த நெதர்லாந்து ஆய்வு ரத்த ஓட்டம் குறைந்த 120 பேரை எடுத்துக்கொண்டது, அங்கேயும் தெளிவான பலன் இல்லை. அதில் அறைக்குப் போக வேண்டியவர்களில் 35% பேரால் திட்டமிட்டபடி முடிக்கவே முடியவில்லை, அதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். புண்ணான காலோடு வாரம் 5 நாள், 8 வாரம் போய் வருவது லேசான காரியமா? காது அடைப்பும் வலியும் வரலாம், பார்வை தற்காலிகமாக மாறலாம், உள்ளே சர்க்கரை இறங்கவும் வாய்ப்புண்டு. அடைப்பை எடுத்த பின்னும் ஆறாத புண்ணுக்கு இதை ஒரு வாய்ப்பாக வைத்துக்கொள்ளலாம். அடைப்பை எடுப்பதற்குப் பதிலாக இதைச் செய்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காலை மட்டும் ஓர் உறைக்குள் விட்டு ஆக்சிஜன் செலுத்தும் கருவி தனி. வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். 73 பேரை வைத்து, போலிக் கருவியோடு ஒப்பிட்டு 2020-ல் வந்த ஆய்வில் 12 வாரத்தில் 41.7 சதவீதமும் 13.5 சதவீதமும். ஆய்வு சின்னதுதான், ஆனாலும் அறைக்கு அலையும் உடல்நிலை இல்லாதவர்களுக்கு நான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

தோல், சவ்வு, ரத்தம், டிரெஸ்ஸிங்

ஆய்வகத்தில் வளர்த்த தோலுக்கு 2001 ஆய்வில் 56%, எதிரணிக்கு 38%. விலையும் அதிகம், வைத்திருக்கும் காலமும் குறைவு. எல்லோருக்கும் வழக்கமாகப் போட வேண்டியதில்லை என்பதே 2023 வழிகாட்டுதலின் நிலை. பனிக்குடச் சவ்வுக்கு அது கொஞ்சம் இடம் தருகிறது, நல்ல கவனிப்பு தோற்ற பிறகு. 1997-ல் அமெரிக்க அனுமதி பெற்ற, சதை வளரத் தூண்டப் புண்ணில் தடவும் பெகாப்ளெர்மின் ஜெல் 20 வாரத்தில் 50%, எதிரணி 35%. நிறைய டியூப் போட்டவர்களுக்குப் புற்றுநோய் இறப்பு கூடுமோ என்று 2008-ல் எச்சரிக்கை சேர்த்து, 2018-ல் நீக்கினார்கள்.

என்னைக் கேட்டால், இந்தக் கூட்டத்தில் இரண்டுக்குத்தான் முதலில் கை போகும். ஒன்று, முன்னே சொன்ன ரத்த ஒட்டு. நோயாளியின் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, வெள்ளணுக்களும் தட்டணுக்களும் ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் புரதமும் சேர்ந்த மெல்லிய வட்டமாக்கி வாரம் ஒருமுறை வைப்பது. இன்னொன்று சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் டிரெஸ்ஸிங். ஆறாத புண்ணில் புதுச் சதையைத் தின்றுகொண்டே இருக்கும் நொதிகளை அது அடக்குகிறது. ரத்த ஓட்டம் ஓரளவு குறைந்து, உணர்ச்சியும் போன 240 பேரை எடுத்து, பார்த்தால் வித்தியாசம் தெரியாத டிரெஸ்ஸிங்கோடு ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்டார்கள்: 20 வாரத்தில் 48%, 30%. இதற்கு அறை வேண்டாம், பம்ப் வேண்டாம், வழக்கமாகக் கட்டு மாற்றும் கை போதும். தொற்று இல்லாத புண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளி டிரெஸ்ஸிங்கும் தேனும் புண்ணை ஆற்ற என்று போட வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல். புழு வைத்துச் சுத்தம் செய்வது செத்த சதையை வேகமாக எடுக்கும். ஆனால் சிரை நோய்க் கால் புண்களில் 2009-ல் பார்த்தபோது புண் அதனால் சீக்கிரம் ஆறவில்லை, வலியும் கூடுதல்.

பெரியப்பாவுக்கு அடைப்பை எடுத்து, குதிகால் எதன்மீதும் படாமல் மிதக்கும்படி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, செத்த சதையை வாராவாரம் சுரண்டி எடுத்தார்கள். 4 வாரத்தில் புண் பாதிக்கும் கீழே வந்துவிட்டதால் மேலே எழுதிய எந்த நவீனச் சிகிச்சையும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஆறியவர்களில் 40% பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடியும் புண் வருகிறது என்று படித்ததிலிருந்து, தினமும் ராத்திரி அவர் இரண்டு பாதத்தையும் டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை.